பலகைமேல் ஒரு துண்டு

'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்று எங்கள் வேப்பம்பட்டுக் குடியிருப்பின் வாசலில் இன்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். இதே வாசகத்தை நான் முதலில் படித்தது, பின்னாளில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்ட, எங்கள் ஊர் புதுவாயலின் ஒரு சலூனில்.

"பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னா வேலை?" என்று அம்மா கத்தக் கத்த, ஞாயிறுதோறும் அப்பா என்னையும் கூட்டிப்போவார். சோப்பு நுரையும் படிகாரமும் லாரிப் புழுதியும் பக்கத்துக் கடை மசால்வடையும் கலந்து மணக்க, பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, செய்தித்தாளைத் தலையங்கத்திலிருந்து உரக்கப் படித்து, வரிக்கு வரி அமைச்சர்களைத் திட்டுவார்.

ஒருநாள் சலூன்காரர் சீப்பால் பலகையைத் தட்டிக் காட்டினார்.

அப்பா பேப்பரை மடிக்கவில்லை. "நெலத்தக் கம்பெனிக்குக் குடுத்துட்டு அதே கம்பெனில காண்ட்ராக்ட்ல கீறேன். அங்க வாயத் தொறந்தா வேலை பூடும். இங்கியும் பேசக்கூடாதுன்னா நான் எங்கபா பேசறது?"

சலூன்காரர் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துப் பலகைமேல் போட்டு எழுத்தை மறைத்தார்.

"நீ படிண்ணா."

இன்று காலை துவைத்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய் எங்கள் வாசல் பலகைமேல் காயப்போட்டேன். நாற்காலியை அதன் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளைத் தலையங்கத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.