நான்கு நிமிடத்தில் அமலான உத்தரவு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து கடல் கடந்து அனுப்பும் எங்கள் கம்பெனியில், சொன்ன காரியம் சொன்ன அன்றே நடந்ததாக வரலாறு இல்லை. குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லி சித்திரையில் எழுதிக் கொடுத்தால், பங்குனியில் ஆள் வந்து எந்தக் குழாய் என்று கேட்பார். இதில் யாருக்கும் வருத்தமில்லை. நிறுவனம் நிம்மதியாக நடந்ததே இந்த ஒழுங்கினால்தான். அதைக் கெடுத்தவர் ஒரே ஒருவர். சோழபுரம் சேதுபதி.

பட்டாளத்தில் சிக்னல் படையில் பதினேழு வருடம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். எங்களிடம் வாட்ச்மேன் வேலை கேட்டுத்தான் வந்தார். முதலாளி சோலைராஜ் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, "சிக்னல்னு போட்டிருக்கே, தந்தி கிந்தி தெரியுமாலே?" என்றார். "தெரியும் முதலாளி" என்றார் சேதுபதி. "அப்ப அந்தக் கம்ப்யூட்டர் ரூமுக்குப் போ" என்று முதலாளி கை காட்ட, கேட்டுக்குப் போக வேண்டிய மீசை சர்வருக்குக் காவலாகப் போனது.

அப்போதெல்லாம் கம்பெனி முழுமைக்கும் ஒரே மெயில் முகவரி. காலை பத்து மணிக்கு மோடம் கூவும். அந்தச் சத்தம் கேட்க நாங்கள் ஏழெட்டுப் பேர் டீ கிளாசோடு போய் நிற்போம். வந்த கடிதங்களை சேதுபதி அச்செடுத்து, யார் யாருக்கு எது என்று பிரித்து, மேஜை மேஜையாகக் கொண்டு வந்து வைப்பார். காகிதத்தில் கஞ்சிப்பசை வாசம் அடிக்கும், தறிக்கூடத்தைத் தாண்டி வந்ததால். இன்று ஒரு நாளைக்கு முந்நூறு மெயில் வருகிறது. ஒன்றில்கூட வாசம் இல்லை.

பிற்பாடு ஆளுக்கொரு முகவரி கொடுத்தார்கள். கொடுத்த மறுவாரமே ஃபிட்டர் இசக்கிமுத்துவுக்கு லண்டன் லாட்டரியில் பரிசு விழுந்ததாக மெயில் வந்தது. மனுஷன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் நாலு கிலோ பால்கோவா வாங்கி வந்து தறிக்கூடம் முழுக்கக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பரிசு மட்டும் வரவில்லை. அன்றைக்குத்தான் சேதுபதி ஃபில்டர் எழுத உட்கார்ந்தார்.

ஃபில்டர் என்பது இதுதான்: மெயில் நம் மேஜைக்கு வந்த பிறகு நாம் பிரிப்பதில்லை, சர்வரின் வாசலிலேயே வைத்துப் பிரித்துவிடுவது. இன்னாரிடமிருந்து வந்தால் இந்த ஃபோல்டர், இந்தச் சொல் இருந்தால் குப்பை என்று வரி வரியாக விதி எழுதி சர்வரிலேயே வைத்துவிட வேண்டும். மற்ற கம்பெனிகளில் இதற்கு மவுஸைப் பிடித்துப் பொத்தான் பொத்தானாக அமுக்குவார்கள். சேதுபதிக்கு அது கௌரவக் குறைவு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் ஒரு எடிட்டரை வைத்திருந்தார். அதிலிருந்தபடியே சர்வரைக் கூப்பிடுவார். அங்கிருக்கும் ஸ்கிரிப்ட்டுகளின் பட்டியல் வந்து நிற்கும். எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் டியூட்டி. அதன் பக்கத்தில் மட்டும் ஓர் அடையாளம் தெரியும். திறப்பார், திருத்துவார், சேமிப்பார். சேமித்த அந்த நொடியில் சர்வர் படித்துப் பார்க்கும். ஓர் அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தாலும் இத்தனையாவது வரியில் பிழை என்று திருப்பி அனுப்பும். சரியாக இருந்தால் ஓகே. அந்த ஓகே வரும்போது சேதுபதியின் முதுகு தன்னால் நிமிரும்.

ஒவ்வொரு விதிக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். யார் உத்தரவு, எத்தனை மணிக்கு வாங்கியது, எத்தனை மணிக்கு அமல். கம்பெனியின் சரித்திரத்தை யாராவது எழுத விரும்பினால் அந்த நானூற்றுப் பன்னிரண்டு வரிகளைப் படித்தால் போதும். பத்தொன்பதாம் விதி, கணக்கர் வேல்பாண்டிக்கு வரும் வரன் கடிதங்களை ஐந்து மணி வரை ஒளித்து வைப்பது. இருபத்து மூன்றாம் விதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் ஆடிப்பூரத்தன்று வரும் எல்லா மெயிலுக்கும் தானாகப் பதில் போடுவது: 'இன்று தேர். நிலைக்கு வந்த பிறகு பதில் வரும்.' ஹாம்பர்க்கில் ஒரு கிழவர் இருந்தார், பழைய வாடிக்கையாளர். வருடா வருடம் மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரே வரி வரும்: "தேர் நிலைக்கு வந்ததா?" அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. விதி அப்படியே இருக்கிறது.

முப்பத்தேழாம் விதிக்கு வருவோம்.

முதலாளியின் தம்பி விக்னேஸ்வரன் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தார். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை 11.05க்கு தம்பியிடமிருந்து அண்ணனுக்கு ஒரு மெயில். எழுத்து ஒன்றுமில்லை, இணைப்பு மட்டும். திறந்தால், தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகை.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து, அண்ணன் கையில் கொடுத்து, காலில் விழ வேண்டிய பத்திரிகை! "ஏலே சேதுபதி! சொந்தத் தம்பி மெயில்ல பத்திரிகை வைக்கான் பாத்தியா! இனி அவன் கடுதாசி ஒண்ணுகூட எனக்கு வரக் கூடாது. தூக்கிக் குப்பையில போடு!"

"போட்டுருதேன் முதலாளி. எழுத்துல ஒரு உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"எழுத்துல வேற வேணுமோ? போலே!"

உத்தரவு வாங்கியது 11.10. அமல் 11.14. ஆனால் 'அழி' என்று மட்டும் அவர் எழுதவில்லை. அதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒரு செய்தியை அழிப்பது சிக்னல் படையில் குற்றம். 'கையெழுத்துக்குக் காத்திருப்பு' என்று தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து, தம்பி கடிதங்களெல்லாம் அதில் விழும்படி செய்தார். கையெழுத்து வந்ததும் அழித்துவிடலாம் என்பது திட்டம். கையெழுத்து பன்னிரண்டு வருடமாக வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி, பெண்டாட்டி செல்வலட்சுமியோடு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். அண்ணன் கேட்டைப் பூட்டிவிட்டு பிளவக்கல் அணைப் பக்கம் இருந்த மாந்தோப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சமரசம் பேசப் போனவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் இரண்டு வீட்டிலும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

தம்பி சொல்வார், "அது ப்ரூஃப்புய்யா. பேர் வரிசை பாக்கத்தான் அனுப்புனேன். அன்னைக்கே அடுத்த மெயில்ல வெவரம் எழுதினேன்." அது உண்மையாக இருக்க முடியும், இணைப்பையும் எழுத்தையும் ஒரே மெயிலில் ஏற்றினால் பாரம் தாங்காது என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்த காலம். அண்ணன் சொல்வார், "எனக்கு ஒண்ணும் வரலையே. பொய் சொல்லுதான்." அவருக்கும் சந்தேகமில்லை. தன் கம்பெனியில் ஓர் உத்தரவு அன்றே அமலாகியிருக்கும் என்று எந்த முதலாளி கனவு காண்பார்? விதி போட எப்படியும் பத்து நாளாகும் என்ற கணக்கில், அன்றைய மெயிலெல்லாம் தனக்கு வந்து சேர்ந்ததாகவே அவர் நினைத்திருந்தார். குடும்பப் பேச்சில் காது வைக்கும் பழக்கம் சேதுபதிக்கு இல்லை. பிறத்தியார் கடிதத்தைப் படிக்கும் பழக்கமும் இல்லை.

போன ஆனி மாதம் முதலாளியின் மருமகள் கல்பனா நிர்வாகத்துக்கு வந்தார். வந்ததும் சேதுபதியைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நானூறு வரி எதுக்கு? ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லுங்க. சொல்ல முடியாததை வெள்ளிக்கிழமையோட அழிச்சிருவோம், அது போய் விழுற ஃபோல்டரோட."

முப்பத்தாறு விதிகளுக்குக் காரணம் சொல்லியாயிற்று. முப்பத்தேழில் சேதுபதி தொண்டையைச் செருமினார்.

"இது முதலாளி உத்தரவும்மா. அழிக்கச் சொன்னாவ. நான் அழிக்கல."

கல்பனா குறிப்பைப் படித்தார். திரும்பவும் படித்தார். "பதினொண்ணு பதினாலா? அன்னைக்கேவா? சின்ன மாமா பதினொண்ணே காலுக்கு மேல ரெண்டாவது மெயில் போட்டேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறாங்களே! உள்ள எம்புட்டு இருக்கு?"

"பதினேழு."

"தொறங்க."

"தொறக்க மாட்டேன். பேர் போட்டிருக்கது முதலாளிக்கு."

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை இது போயிரும்."

சேதுபதி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. முதலாளியிடம் சொன்னால், உத்தரவை மீறியவர் என்று வேலை போகும். அதைவிட, இரண்டு வீட்டைப் பிரித்தது தன் சுறுசுறுப்பு என்று ஊர் அறியும். சொல்லாவிட்டால், ஒரு செய்தியைக்கூடத் தொலைக்காத ஹவில்தார் பதினேழைத் தொலைத்தவராவார். மூன்று மணிக்கு மீசையைத் தடவிவிட்டு, அச்செடுத்த பதினேழு காகிதங்களை, எழுத்து தெரியாமல் குப்புற அடுக்கி, உறையில் போட்டு, சைக்கிளில் ஏறினார்.

முதலாளி வீட்டில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். கண்ணில் எங்கள் கம்பெனித் துணிதான். "நம்ம நெசவு நமக்கே உறுத்துது சேதுபதி" என்றார். சேதுபதி விறைப்பாக நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நாலு நிமிசத்துலயா போட்ட?"

"ஆமா முதலாளி."

"உருப்படுவியாலே நீ! ஒரு டீ குடிச்சிட்டுப் போட்டா என்ன?"

"தப்புதான் முதலாளி."

"படிச்சியா?"

"இல்லங்க."

"இப்பப் படி."

சேதுபதி, தந்தி வாசிக்கும் குரலில், முதல் காகிதத்தைப் படித்தார். நேரம் 11.16. "அண்ணே, முன்ன அனுப்புனது ப்ரூஃப். உங்க பேர் முதல்ல வருது, வரிசை சரியான்னு பாருங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குக் குடுப்பேன். ஞாயித்துக்கிழமை நானும் செல்வலட்சுமியும் தட்டோட வாரோம். வீட்டுல இருங்க."

அடுத்து நான்கு, அந்த வாரத்துக் கெஞ்சல்கள். மீதிப் பன்னிரண்டும் வருடத்துக்கு ஒன்று; எல்லாம் ஒரே வரி. "அண்ணே, நாளைக்குத் தேர். வழக்கமான எடத்துல நிப்பேன்."

சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் தேரின் ஒரே வடத்தில், ஒரே இடத்தில் கை வைத்து இழுத்தவர்கள். முதலாளி கட்டுக்குமேல் கையை வைத்துக்கொண்டார். "நானும் வருசா வருசம் போறேன்லே. அவன் பாத்துரக் கூடாதுன்னு எதிர் வடத்துல நிப்பேன்."

கையை எடுக்காமலே, "பதில் போடு" என்றார்.

"என்னன்னு போடட்டும்?"

"பேர் வரிசை சரியா இருக்கு. அச்சுக்குக் குடுக்கச் சொல்லு."

அந்தக் கல்யாணப் பெண்ணின் மூத்த பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆனால் சேதுபதிக்கு உத்தரவு உத்தரவுதான். கம்பெனிக்குத் திரும்பியதும், 4.20க்குப் பதில் போனது.

ஐந்து மணி. ஆறு மணி. முதலாளி வீட்டிலிருந்து மூன்று முறை போன். "வந்துச்சா?" "இல்ல முதலாளி." "பாத்தியா, திமிரு! அவன் அன்னைக்கும் இப்படித்தான்!" என்று குரல் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு வருடம் திரும்பவும் முதலிலிருந்து கிளம்பும் சத்தம் அது. சேதுபதி திரையைப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் அறைந்துகொண்டார். முப்பத்தேழாம் விதி டியூட்டியில் இருக்கிறது!

ஆனால் விதியை எடுக்கும் உத்தரவு வரவில்லையே. மறுபடியும் சைக்கிள். கல்பனாவைக் கொண்டு ஒரு தாளில் எழுத வைத்து, கண்கட்டோடு கிடந்த முதலாளியின் கையைப் பிடித்து, கையெழுத்து வாங்கினார். அது பாதி தாளிலும் பாதி தலையணையிலும் விழுந்தது.

திரும்பி வந்து எடிட்டரைத் திறந்தார். அழிக்க மனமில்லாமல், அந்த விதியின் நான்கு வரிகளுக்கும் முன்னால், சர்வர் படிக்காமல் தாண்டிப் போகும்படி, குறிப்புக்கான அடையாளத்தைப் போட்டு அதை ஓய்வில் அனுப்பினார். சேமித்தார். ஓகே. அதன் பிறகு, பதினெட்டாவதாக ஃபோல்டரில் விழுந்து கிடந்த பதிலை எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, அவர் சொன்னதன் பேரில் போனிலேயே படித்தும் காட்டினார். வந்த நேரம் 4.23.

"ஞாயித்துக்கிழமை வாரோம். கேட்டைத் தொறந்து வையுங்க."

விதிக்கு மேலே இன்று ஒரு குறிப்பு கூடுதலாக இருக்கிறது. உத்தரவு வாங்கியது 6.50. அமல் 7.35. நடுவில் ஒரு டீ குடித்ததாகவும் எழுதியிருக்கிறார்.