கறையானைத் துணைக்கழைத்த திரேசம்மா ரீச்சர்

மீன் விற்கும் செபமாலை எங்கள் படலையடியில் நிற்பதில்லை. அளவெட்டியில் எங்கள் வீடு மரக்கறி வீடு என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் ஒரு காலை, கடகத்தை ஒழுங்கையிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்து படலையைத் தட்டினாள்.

"ரீச்சர், எங்கடை குருநகர் திரேசம்மா ரீச்சர் நேற்றுப் பின்னேரம் மோட்சம் போயிட்டா. நாளைக்குக் காலமை அடக்கம். உங்களிட்டைக் கட்டாயம் சொல்லச் சொல்லி அவவின்ரை தம்பியார் சொல்லிவிட்டவர்."

"வாறன் எண்டு சொல்லு" என்றேன்.

சாவகச்சேரிப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் சேர்ந்து படிப்பித்தோம். எனக்குக் கணக்கு; அவருக்குச் சரித்திரம். தங்கியதும் ஒரே அறையில்; நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவருடன் பழகி, இதை வாசிக்கும் உங்களுக்கு அந்த உரத்த சிரிப்பையும் வேகமான நடையையும் நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய பைத்தியம் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். தம்பியார் கப்பலில் சமையற்காரர். போகும் துறைமுகமெல்லாம் பழைய புத்தகங்களை வாங்கி வந்து அக்காவிடம் கொடுப்பார். அக்கா அவற்றில் தேடியது ஒன்றே ஒன்றுதான். உலகத்துச் சனங்கள் கும்பிட்ட கபடக்காரத் தெய்வங்கள், ஏமாற்றிப் பிழைத்த வீரர்கள். 'கள்ளச்சாமிகள்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தார்.

"கள்ளச்சாமி இல்லாத சனம் உலகத்திலை இல்லை, சிவகாமி" என்றார் ஒருநாள். "நல்லூரிலை இருக்கிறவரைப் பார். கிழவன் வேசம் போட்டு வள்ளியை ஏய்ச்சவர்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப உங்கடை வேதத்திலை எல்லாரும் உத்தமரோ, அக்கா?"

"ஆர் சொன்னது? கண் தெரியாத தேப்பனுக்கு முன்னாலை ஆட்டுத்தோலைக் கையிலை கட்டிக்கொண்டு போய், தமையனுக்குரிய ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொண்டு வந்தவன் எங்கடை பெரிய முற்பிதா!"

சொல்லிவிட்டுக் கட்டில் அதிரச் சிரித்தார். அடுத்தவர் சாமியைச் சீண்டினால் தன் சாமியையும் விடமாட்டார். அதனால்தான் அவருடன் என்னால் ஒரே அறையில் இருக்க முடிந்தது.

சாதி பாராமல் எல்லாருக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்கு உத்தரவு வந்த காலம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள் நீள மர வாங்குகளில் இருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் பின்சுவரோரம் நிலத்தில். அந்த நிலத்துப் பிள்ளைகளில் பூரணம் என்பவள் கணக்கில் புலி. கரும்பலகை மறைக்கிறது என்று எழுந்து நின்றே எழுதுவாள். உத்தரவை நிறைவேற்றினால் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாமல் மறித்துவிடுவோம் என்று ஊரார் வந்து சொன்னார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஊர் அதிகாரியான உடையார். கிடுகுக் கூரைக்கு நெருப்பு வைக்க ஒரு குச்சி போதும் என்றும் ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தை நடத்திய முகாமையாளர் பயந்துபோனார். "உத்தரவை மீறினால் அரசாங்கக் காசு நிண்டிடும். மீறாட்டிப் பிள்ளையள் நிண்டிடுவினம். எப்பிடியும் பள்ளிக்கூடம் பூட்டத்தான் வேணும்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயா, அதுக்கு முன்னம் வாங்குகளைப் பாருங்கோ, கறையான் அரிச்சுப்போட்டுது" என்றார் திரேசம்மா அக்கா.

ஒரு வாங்கின் காலைக் கவிழ்த்துக் காட்டினார். உண்மையிலேயே அரித்திருந்தது. முகாமையாளர் மற்றவற்றைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அடுத்த நாளே வாங்குகள் எல்லாம், ஆசிரியர்களின் கதிரைகளும் சேர்த்து, வண்டிகளில் ஏறித் தச்சர் பட்டறைக்குப் போய்விட்டன. வகுப்பெங்கும் பாய் விரித்தோம். கட்டையான பிள்ளைகள் முன்னுக்கு, நெட்டையான பிள்ளைகள் பின்னுக்கு என்று அக்கா இருத்தினார். அந்த ஒழுங்கில் உடையாரின் மகள் தங்கரத்தினத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தவள் பூரணம்.

செய்தி கேட்டு உடையார் வந்தார்.

"என்ரை பிள்ளையும் நிலத்திலையோ?"

பாயில் சம்மணமிட்டிருந்த அக்கா எழும்பவில்லை. "நானும் நிலத்திலைதான், உடையார். கறையானுக்குச் சாதி தெரியாது."

உடையார் சுற்றுமுற்றும் பார்த்தார். சம ஆசனத்தைத்தான் அவர் எதிர்த்தார். அங்கே ஆசனமே இல்லை. கோபிக்க ஒரு பிடி கிடைக்காமல் திரும்பிப் போனார். சில பெற்றோர் அப்போதே பிள்ளைகளை மறித்தார்கள். பெரும்பாலானோர் வாங்குகள் வரட்டும் என்று பொறுத்திருந்தார்கள்.

தவணை முடியும்வரை வாங்குகள் வரவில்லை. 'ஆறுதலாய்ச் செய்யுங்கோ' என்று அக்கா தச்சரிடம் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் பிள்ளைகள் பக்கத்திலிருந்தவர்களோடு சிநேகமாகிவிட்டார்கள். வாங்குகள் வந்த அன்று அக்கா ஒருவரையும் இடம் காட்டி இருத்தவில்லை. பாயில் இருந்த ஒழுங்கிலேயே அவர்கள் வாங்கில் ஏறி இருந்தார்கள். அன்றும் உடையார் வந்து வாசலில் நின்றார். தங்கரத்தினமும் பூரணமும் ஒரே சிலேட்டில் குனிந்திருந்தார்கள்.

"தங்கம், எழும்பி வா."

அவள் நிமிரவில்லை. "கணக்கு முடியேல்லை, ஐயா."

உடையார் மகளையும் அந்தச் சிலேட்டையும் பார்த்தார். பிறகு சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "முடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் மற்றவர்கள் கத்துவதற்குத் தலைவர் இல்லாமல் போயிற்று.

ஆனால் தச்சர் சந்தையில் வாயை விட்டார். ஒரு வாங்கைத் தவிர மற்றதெல்லாம் வைரமாய் இருந்தது என்ற கதை முகாமையாளர் காதுக்குப் போயிற்று. அவர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அக்காவைக் கூப்பிட்டு, "என்னட்டைப் பொய் சொன்னீரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, சொன்னனான்" என்றார் அக்கா. நான் எதிர்பார்த்த சாட்டுப்போக்கு ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

தலைமை ஆசிரியை வேலை அவருக்குத்தான் என்று பேச்சிருந்தது. அது போயிற்று. தீவுப்பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். பெட்டி கட்டும்போது நான் அழுதேன், அநியாயம் என்றேன்.

"ஏன் அழுறாய்? குருநகராளுக்குக் கடல் புதிசோ?" என்றார். பெட்டியை அமத்திப் பூட்ட அதன் மேல் ஏறி இருந்தார். "கிரேக்கற்ரை கதையிலை ஒருத்தன் தேவரிட்டை நெருப்பைக் களவெடுத்துச் சனத்துக்குக் குடுத்தான். அவனைப் பிடிச்சு மலையிலை கட்டிப்போட்டினம். அது சரி. ஆனா நெருப்பை ஆராலும் திருப்பி வாங்க ஏலுமோ?"

ஒருவராலும் திருப்பி வாங்க முடியவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் அதன்பின் நிலத்தில் இருக்கவில்லை. பூரணம் படித்துத் தேறி இன்று அதே பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ஆசிரியை. அடக்கத்துக்குத் தங்கரத்தினமும் அவளும் ஒரே வண்டியில் வந்திறங்கினார்கள்.

கடைசியாக நான் அவரைக் கண்டது போன பங்குனியில். மெலிந்து, குரல் தேய்ந்து படுத்திருந்தார். எனக்கு அன்றும் ஒரு கேள்வி இருந்தது. "அக்கா, பொய் பொய்தானே? நேராய்ச் சொல்லியிருந்தால் என்ன?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "நேரான ஆக்கள் நீங்கள் படலையாலை வாங்கோ. நான் வேலிப் பொட்டுக்குள்ளாலை நுழைஞ்சு வாறன். உள்ளுக்குச் சந்திப்பம்" என்றார்.

எனக்குத் தந்திரம் வராது, இனியும் வரப்போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, உள்ளே போயே தீருவது என்ற அந்த உறுதியை. நான் இப்போது படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், கிணற்று வாளியைச் சில பிள்ளைகள் தொடக்கூடாது. யாராவது வார்த்தால் கையேந்திக் குடிக்கவேண்டும். அடக்கம் முடிந்து வந்த பிறகு, ஒரு இடைவேளையில், நான் நேரே கிணற்றடிக்குப் போனேன். எல்லாரும் பார்க்கத் துலாக்கயிற்றை அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். முதலில் அள்ளியவளிடமே வாங்கிக் குடித்தேன். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "கயிற்றைக் குடுத்தது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான். நாளைக்கும் குடுப்பன்" என்றேன்.

அடுத்த நாளும் கொடுத்தேன். இப்போது நான் கொடுக்கவேண்டியதில்லை, அவர்களே அள்ளுகிறார்கள்.