ஒரு பக்கம் பெரிய உருளை

மாலையில் பெரிய அதிகாரி முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வருகிறார். அதற்குள் பங்களாவின் சரிவான புல்தரையை வெட்டியாக வேண்டும். புல்வெட்டும் மிஷினின் இரண்டு பக்கத்து உருளைகளும் தேய்ந்து, கத்தி மண்ணைச் சுரண்டியது.

தோட்டக்காரர் பலாமரத்தில் புது உருளைகள் செதுக்கி மாட்டினார். ஒல்லியான மனிதர், ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். சரிவின் குறுக்கே தள்ளும்போது மிஷின் சாயாமலிருக்கப் பள்ளத்துப் பக்கத்து உருளையைப் பெரிதாகச் செதுக்கியிருந்தார். திருப்பினால் அது மேட்டுப் பக்கம் வந்துவிடுமே! அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே ஓடினார்.

பங்களாவைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஏனுங்க, ரெண்டையும் ஒரே அளவாச் செதுக்கக் கூடாதுங்களா?"

"அது மட்டமான பூமிக்குங்க சாமி. இங்க ஏதுங்க மட்டம்?" என்றபடியே ஓடினார்.

அதிகாரி வந்தபோது பாதிப் புல் அப்படியே நின்றது. அவரோ தோளில் மிஷினோடு ஓடியவரையே பார்த்தார்.

"அந்த மிஷின் உருளாதா?"

"போறப்ப மட்டும் உருளுமுங்க" என்றேன்.