கிறீச்சிட்ட ஃபேனைக் கழற்ற வைத்த ஆண்டவர்

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி மறுபடியும் சொல்வதற்குள் எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு மனுஷனோடு வாய் திறந்து பேசியே பல நாள் ஆகியிருந்தது.

தேவனுடைய பிள்ளைகளே, நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் தண்ணி மோட்டார் என்றால் என் பேரைத்தான் சொல்வார்கள். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தக் கடை, சொந்த வீடு, எல்லாம் இந்தக் கையால் வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள், தெரியும்.

என் மனைவி ரோசி கர்த்தருக்குள் போன பிறகு கடையை விட்டுவிட்டேன். மகன் பெங்களூரில். வீட்டில் உட்கார முடியவில்லை. எழுந்திருப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். காரணமே இல்லாமல் பஸ் ஏறி மந்தைவெளியிலிருந்து தி.நகர் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவேன். கூட்டத்தில் யாராவது இடித்தால்கூட ஆறுதலாக இருந்தது.

வீட்டில் ஒரே சத்தம் படுக்கை அறை ஃபேன்தான். சுற்றுக்குச் சுற்று கிறீச்சிடும். எனக்கு அது அரை மணி நேர வேலை. நான் தொடவில்லை. அதுவும் நின்றுவிட்டால் அந்த அறையில் என்ன இருக்கும்?

குரல் வராத அந்தக் காலையில் முழங்கால் போட்டேன். அழகாக ஜெபிக்கவில்லை, சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, காசு கேக்கல, சுகம் கேக்கல. இன்னிக்கு ஒருத்தராவது எங்கிட்ட பேசணும். இல்லன்னா என்னையும் கூட்டிக்கோ" என்றேன். எழுந்து வழக்கம்போல் பஸ் ஏறினேன்.

லஸ் ஸ்டாப்பில் ஏறிய ஒருவர் மடியில் டேபிள் ஃபேனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா நைனா, கொஞ்சம் இத்த புடி, டிக்கெட் எடுக்கணும்" என்று என் கையில் திணித்தார். றெக்கையைச் சுழற்றிப் பார்த்தேன். "உள்ள புஷ் தேஞ்சிருக்கு, அதான் றெக்க ஆடுது" என்றேன். குரல் வந்துவிட்டது.

"வாரே வா. தொட்டுப் பாத்தே சொல்லிட்ட. எங்கூட வா, டீ வாங்கித் தரேன்" என்றார். அவர் சலீம் பாய், தையல் கடை வைத்திருந்தவர். ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போனார். சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்து ஆட்கள் பழுதான சாமான்களோடு அங்கே கூடுவார்கள். தன் சாமானைத் தானே தொடக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவரைச் செய்யவிட வேண்டும். அது ஒன்றுதான் அங்கே சட்டம். யாரும் என் ஊர், மதம், படிப்பு எதையும் கேட்கவில்லை. நான் உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், அலமாரியில் காத்துக்கிடந்த மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபேன் அத்தனையையும் மதியத்துக்குள் ஓடவைத்துவிட்டேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுவாரம் அலமாரி காலி. ஆட்கள் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் தனியாக இருக்கும் ராகவன் சார், கல்லூரியில் பாடம் எடுத்தவர், என்னிடம் வந்தார்.

"மூணு மாசமா நான் பிரிச்சுண்டிருந்த மிக்ஸி ஓய் அது. அதுக்காகத்தான் ஆத்துலேர்ந்து கிளம்பி வருவேன். அது ஓடணும்னு யார் அழுதா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மறுபடியும் ஜன்னல், மறுபடியும் பஸ். ஆனால் இந்த முறை ஓட்டம் தாங்க முடியவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்ட இடத்தை ருசி பார்த்துவிட்டேனே. திரும்பிப் போக எந்த முகத்தோடு போவது? படுத்துக்கொண்டே ஜெபித்தேன், "ஆண்டவரே, உள்ள போக ஒரு வழி காட்டு" என்று. மேலே கிறீச், கிறீச். கண்ணைத் திறந்து பார்த்தேன். பதில் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபேனைக் கழற்றி ஆட்டோவில் கொண்டுபோய் ராகவன் சார் முன்னால் வைத்தேன். "இது என்னோடது. நான் தொடக்கூடாது" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதை எங்கேர்ந்து பிரிக்கறது?" என்று கேட்டார்.

மிச்சக் கோடை முழுக்க நான் ஃபேன் இல்லாமல் படுத்தேன். அவர் ஒரு திருகைக் கழற்ற ஒரு கதை சொல்வார். என் கை பரபரக்கும். சலீம் பாய் என் கையில் டீயைக் கொடுத்து, "நைனா, கை கட்டு" என்பார். இந்த வயதில் அதைத்தான் கர்த்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நானும் சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

மாட்டுவதற்கு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ராகவன் சார் ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் பயந்துகொண்டிருந்த அமைதி அதுதான். அது அறையை நிறைப்பதற்குள் சலீம் பாய், "காத்து வருது, டீ வரலியே" என்றார்.

சமையலறையில் ஒரே ஒரு டம்ளர்தான் வெளியே இருந்தது. மற்றதை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி போகக் கழுவினேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே கழுவினேன்.

இப்போதும் நிலைகொள்ளாதவன்தான். ஆனால் சனிக்கிழமைக்காக. பேச ஒருவரைத்தான் கேட்டேன், ஆண்டவர் ஒரு கொட்டகை நிறையக் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் தொண்டை கட்டிக்கிடந்தால், வெட்கப்படாமல் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். பழுதான சாமான் ஏதாவது எடுத்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள், நன்றாக ஓடும் மோட்டார் ஒன்றை உங்களுக்காக நானே பிரித்துப் போட்டிருக்கிறேன்.