ஒரு துளி வெள்ளீயம்

எதிரே யாராவது சிரித்தால் பல்லக்கா முகத்தைப் பார்ப்பதில்லை, வாய்க்குள் பார்க்கிறாள். "மேல்வரிசையில மூணாவது, நம்ம லேப்ல செஞ்சது" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் ஓதிவிட்டு, அப்புறம்தான் வந்தவரை வாங்க என்பாள். பல்லுக்கு உறை செய்யும் சின்னக் கூடத்தில் அவளுக்கு வேலை. உலைவாயில் எட்டி எட்டிப் பார்த்துப் பாதிப் புருவம் தீய்ந்துவிட்டது. மீதியையும் உலைக்கே உயில் எழுதி வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேச்சு.

உள்ளே தங்கம், மேலே பீங்கான்: அதுதான் உறை. ஆனால் சுத்தத் தங்கத்துக்குத் தலைக்கனம், பீங்கானைச் சீண்டாது. அதனால் உருக்கும்போதே துளி வெள்ளீயம் சேர்த்திருப்பார்கள். சூடு பட்டதும் அந்தத் துளி மேலேறி வந்து, காற்றோடு கூடி, சாம்பல் நிறத்தில் தோலாகப் படரும். நம் கண்ணுக்கு அழுக்கு. பீங்கானுக்கு அதுதான் பிடிமானம். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சாம்பல் படரும் நேரத்தில் பல்லக்கா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். "கடுகத்தனை இருந்துகிட்டு ஜென்மப் பகையைத் தீர்த்து வைக்குது பாருங்க."

போன மாதம் பள்ளிக்கூட டீச்சரான நாத்தனாருக்கு ஒரு முன்பல் செய்ய வேண்டி வந்தது. முன்பு வேறெங்கோ கட்டிய பல்லின் பீங்கான், பாடம் நடத்தும்போதே பெயர்ந்து மேசையில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் வாயைக் கையால் மூடித்தான் பேசினாள், சிரிப்பை விட்டேவிட்டாள். "இதுவும் விழுந்துச்சுன்னா வேலையை எழுதிக் குடுத்துடுவேன் அண்ணி."

சூடேற்றி ஆறிய உறையைத் தட்டில் வைத்துவிட்டுப் பல்லக்கா கை கழுவப் போனாள். தங்கையின் பல்லைப் பார்க்க வந்த கணவர், ஐயோ அழுக்காக இருக்கிறதே என்று பாசத்தோடு மெருகுப் பொடி போட்டுத் தேய்த்துவிட்டார்.

"எப்படி மின்னுது பாரு."

"நல்லாக் குளிப்பாட்டிட்டீங்க. இனிமே இதுல பீங்கான் நிக்காது. உங்க தங்கச்சி உங்களைத்தான் கடிப்பா."

"திரும்ப அழுக்காக்கிடேன்."

"அதுவா மனசு வச்சு வரணுங்க."

மறுபடி உலை. உள்ளே மிச்சமிருக்கும் வெள்ளீயம் இன்னொரு முறை மேலேறுமா? கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிவந்து ஆறிய தங்கத்தின் மேல் சாம்பல், மெல்ல, பனி போலப் படிந்திருந்தது.

"கோவிச்சுக்காம வந்துருச்சே," என்றார் அவர். பல்லக்கா அடக்கிய மூச்சை இன்னும் விடவில்லை.

பீங்கான் ஏற்றி, மருத்துவர் பொருத்தியும் ஆயிற்று. வீட்டில் நாத்தனார் ஒரு ஆப்பிளை எடுத்தாள்.

"கடிக்கட்டுமா அண்ணி?"

"கடி. என்னை ஏன் பாக்கறே?"

கடித்தாள். மென்றாள். மூலையில் அண்ணன் தன் வெறும் வாயைக் கூடவே மெல்வதைப் பார்த்ததும், கையைத் தூக்க மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

பல்லக்கா கண்களை இறுக மூடியபடி, நாத்தனாரின் தாடைக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தாள்.