எட்டுச் செலவில் ஒரு கிளாஸ் சாக்கே

அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சியில் காணி எடுத்துக் குடியேறிய வீரகத்தி, நாற்று நடப் பழக்க வந்த யப்பான்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போனார். நாற்றை நேராக நடப் பழகினாரோ இல்லையோ, சாக்கே என்ற யப்பான் அரிசி மதுவைப் பற்றிப் பேசப் பழகிவிட்டார். அவர் மனைவி இராசமலர் சோற்றில் கை வைக்கும்போதே கதை தொடங்கிவிடும். அரிசியைத் தீட்டத் தீட்ட வாசம் கூடுமாம். பாதியாகத் தேயும்வரை தீட்டி ஆக்குவது கின்ஜோ; அது போட்டிக்கு மட்டும்தானாம். அவித்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வேண்டுமென்றே பிடிக்க விடுவார்களாம். பூஞ்சணம் பிடித்ததை அவள் நாய்க்குக்கூட வைத்ததில்லை. அரைகுறையாக வடித்து வெள்ளையாய்க் கலங்கி நிற்பது நிகோரி. இனிப்பில்லாமல், விழுங்கியதும் நாக்கைத் துடைத்துவிட்டுப் போவது கராகுச்சி. கள்ளுக்கொட்டிலுக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கமே வந்துவிடும்.

ஒரு வாய் தாருங்கோவன் என்று அவள் ஒருமுறை கேட்டாள். பெண்பிள்ளைகளுக்கு அது விளங்காது என்று, யப்பான்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்த கடைசிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

மாரடைப்பில் அவர் போனபோது போத்தலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. எட்டு நாளாக அவள் சத்தமில்லாத சோற்றைத் தின்றாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குச் செத்தவர் விரும்பியதெல்லாம் படைக்கவேண்டும். அவருடைய தமையன் அப்புத்துரை சாராயம் கொண்டுவந்தார். இராசமலர் சாக்கேயை இளஞ்சூடாக்கி, கிளாஸ் நிறைய ஊற்றி, ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆவி வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள்.

அவளுக்கு நிற்க முடியவில்லை. கதவைத் திறந்ததும் ஆண்கள் அதைக் குடித்து முடித்துவிடுவார்கள். மனுசன் இத்தனை நாளும் மெய் பேசினாரா, அளந்தாரா என்று பிறகு யாரைக் கேட்பது? குசினிப் பின்கதவால் உள்ளே போனாள்.

முதல் மிடறு பழஞ்சோற்றுத் தண்ணீர்தான். இதற்கா இவ்வளவு கதை என்று கோபமே வந்தது. இரண்டாவதில் வறுத்த கச்சான் கடலை வாசம். விழுங்கிய பிறகு வாயில் இனிப்பு எதுவும் தங்கவில்லை. நாக்கு கழுவி வைத்த கோப்பைபோல் இருந்தது. அளக்கவில்லை, மனுசன். அதை உறுதிப்படுத்தவே இன்னும் கொஞ்சம் குடித்தாள்.

கதவைத் திறந்தபோது கிளாஸ் அரைவாசியாக இருந்தது. தம்பி வந்துபோய்விட்டான் என்று அப்புத்துரை கண்ணைத் துடைத்தார். மிச்சத்தை வாயில் ஊற்றி முகத்தைச் சுளித்தார்.

"புளிச்சுப் போச்சு, பிள்ளை. இந்தக் கழிவுத் தண்ணிக்கோ அவன் அந்தக் கதை கதைச்சவன்?"

இராசமலர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"புளிப்பில்லை, அத்தான். அது கராகுச்சி. விழுங்கினாப் பிறகு பொறுத்துப் பாக்கவேணும். நீங்கள் சூடு ஆறவிட்டுக் குடிச்சிட்டியள்."

முற்றம் முழுவதும் அவளைப் பார்த்தது. அப்புத்துரை கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சாராயப் போத்தலைத் திறந்தார்.