அங்கம்மா வீட்டுத் தண்ணீர்

"திருமதி டோரிகா நலேசு. சமூக நல்லிணக்க ஆர்வலர். இனிய சொல்லும் எல்லையற்ற பொறுமையும் வாய்ந்தவர். வட்டாரத்தின் இரு இன மக்களிடமும் சமமான அன்பு பாராட்டுபவர். முறையான சமாதானப் பேச்சின் மூலம் பெரும் சேதத்தைத் தவிர்த்தவர்."

மாவட்ட அலுவலகம் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது. பெயர் சரி.

டோரிகாவின் பொறுமையை எங்கள் ஊர் வைமதுவாவில் யாரும் கண்ணால் கண்டதில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் முதல் பெஞ்சில் உட்கார்ந்தே சத்தமாகக் கொட்டாவி விடுவாள். சமமான அன்பு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு: தன் இனத்து ஃபிஜியரோடும் இந்தியரோடும் சமமாகச் சண்டை போட்டாள். அதிலும் பக்கத்து வீட்டு அங்கம்மாவோடு போட்டது தனி ரகம். அங்கம்மாவின் ஆடு டோரிகாவின் மரவள்ளியைத் தின்றது. டோரிகாவின் பன்றி அங்கம்மாவின் கத்தரிப் பாத்தியைக் கிளறியது. இரண்டு பிராணிகளும் செத்துப் பல வருஷமாகியும் வழக்கு தீரவில்லை. அவள் மொழியில் இவளும் இவள் மொழியில் அவளும் சரளமாகத் திட்டுவார்கள். வேறு எதற்கும் அந்த மொழி இருவருக்கும் அவ்வளவாக வராது.

இந்தியர் ஒருவர் பிரதமரானது பொறுக்காமல் தலைநகர் சூவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட வருஷம், அவர்கள் பக்கம் சேர்ந்தவர்கள் ஆற்றுக்கு மேலே இந்தியர் வீடுகளுக்குத் தீ வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சாலையில் பலரும் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். அங்கம்மா போகவில்லை. அவள் புருஷன் துரைசாமி பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். தூக்கிப் போக ஆளில்லை, மகன்கள் சிட்னியில். அந்த வீடு எரிந்தால் அவரோடு சேர்ந்துதான் எரியும்.

ஒரு பிற்பகல் வந்தார்கள். கரும்பு ரயில் பாதையோரமாக, மலைக்காரர்கள் ஒரு கும்பல், பெரும்பாலும் இளைஞர்கள், கையில் கரும்புக் கத்தியோடு. முன்னால் வந்தவன் பெயர் இலாய்த்தியா. மண்ணெண்ணெய் டின் அவனிடம் இருந்தது. தொலைபேசிக் கம்பி முந்தின நாளே அறுந்துவிட்டது. நாங்கள் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டோரிகா வெளியே வந்தாள். கக்கத்தில் பாய், கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், அதற்குள் ஒரு பொட்டலம். அங்கம்மா வீட்டுக் கேட்டுக்கு எதிரே, நடுச் சாலையில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"எங்கடா இவ்வளவு பேரு? கல்யாணமா, கருமாதியா?"

அவள் பிறந்த தீவுக்கும் அந்த மலைக்காரர்களுக்கும் பரிகாச முறை உண்டு. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த முறையை ஆயுள் முழுக்க எல்லோரிடமும் கடைப்பிடித்தவள் டோரிகா. உரிமையோடு கடைப்பிடிக்க அன்றுதான் வாய்த்தது.

"தள்ளிக்க பெரியம்மா. உன்கூட எங்களுக்குப் பேச்சு இல்ல" என்றான் இலாய்த்தியா.

"எனக்கு இருக்குடா, காட்டுப் பன்னி. மலையிலேருந்து நடந்தே வந்தியா? உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

"தீவுக்காரி வாயத் தொறந்தாலே மீன் நாத்தம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள். இலாய்த்தியா சிரிக்கவில்லை. பாயைச் சுற்றி நடந்து போய்க் கேட்டில் கை வைத்தான். டின்னின் மூடியைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

டோரிகா பொட்டலத்தை எடுத்து அவர்கள் முன்னால் தரையில் வைத்தாள். யங்கோனா, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வேர். விருந்தாளிக்கு முன் அதை வைத்துச் சொல்ல வேண்டிய வாசகங்களைச் சொல்லத் தொடங்கினாள்.

அவள் செய்தது அத்தனையும் தப்பு. கட்டாக வேரை வைக்க வேண்டும். அவள் வைத்தது பழைய செய்தித்தாளில் சுற்றிய பொடி. ஆண் பேச வேண்டும், அவள் பேசினாள். மலைக்குடிகளின் பெயர்களை வரிசைப்படி சொல்ல வேண்டும். கடைசிக் குடியை முதலில் சொன்னாள்.

கூட்டத்திலேயே வயதில் மூத்தவர் மனாசா. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நிறுத்து, நிறுத்து. யாரு பேர யாருக்கு முன்னாடி சொல்றே? வேரு எங்கே? ஆம்பள எங்கே?"

"என் ஆம்பள கல்லறையில இருக்கான். முடிஞ்சா எழுப்பிக் கூட்டிட்டு வா. தப்பா இருந்தா நீ சரியாச் சொல்லேன்."

"சரியாச் சொல்லணும்னா உக்காரணும்."

"உக்காரு. பாய் முள்ளா குத்துது?"

மனாசா உட்கார்ந்தார். அவளைத் திருத்தத்தான் உட்கார்ந்தார், வேறு உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து அந்த வாசகங்களும் தொடங்கிவிட்டால், அவர் தலைக்கு மேலே யாரும் நிற்க முடியாது. ஒருவன் உட்கார்ந்தான். பக்கத்தில் இன்னொருவன். கடைசியில் கேட்டில் கை வைத்தபடி இலாய்த்தியா மட்டும் நின்றான்.

"என் தலைக்கு மேல நிக்கிறது யாரு?" என்றார் மனாசா, திரும்பாமலே.

அவனும் உட்கார்ந்தான். டின்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். மண்ணெண்ணெய் வாடை எங்கள் ஜன்னல்வரை வந்தது. மனாசா ஒவ்வொரு குடியின் பெயரையும் அதனதன் இடத்தில் வைத்து நிதானமாகச் சொல்லி, பொட்டலத்தைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். குவித்த கைகள் தட்டின. இனிக் கரைக்க வேண்டும்.

டோரிகா பேசினைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றே கொண்டுவரவில்லையா என்று எங்கள் சாலையில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. அவள் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"ஏ அங்கம்மா! உள்ள உசுரோட இருக்கியா? ஒரு வாளி தண்ணி கொண்டா! ஆட்டுக்குக் காட்டுன வாளி வேணாம், நல்ல வாளி!"

கதவு திறக்கவில்லை.

"வரமாட்டா" என்றான் இலாய்த்தியா. அவன் கை டின்னின் பிடியில் இருந்தது.

மனாசா தொண்டையைக் கனைத்தார். கரைக்காத யங்கோனாவின் முன்னால் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது?

தாழ்ப்பாள் விலகியது. அங்கம்மா வெளியே வந்தாள். பாதித் தண்ணீர் தளும்பி அவள் புடவையில்தான் இருந்தது. கேட்டைத் தானே திறந்து, கத்திகளுக்கு நடுவே நடந்து வந்து வாளியை வைத்தாள்.

"வாளி திரும்பி வரணும்" என்றாள்.

"உன் ஓட்ட வாளி யாருக்கு வேணும்?"

டோரிகா துணியில் பொடியைக் கட்டிப் பிசைந்து கரைத்தாள். முதல் கொட்டாங்கச்சி மனாசாவுக்கு. அவர் கை தட்டி வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அடுத்தது இலாய்த்தியாவுக்கு.

அவன் வாங்கவில்லை. கொட்டாங்கச்சியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், கேட்டருகே நின்ற அங்கம்மாவைப் பார்த்தான். ஒரு வீட்டுத் தண்ணீரில் கரைத்ததைக் குடித்துவிட்டு அதே வீட்டுக்குத் தீ வைக்க முடியாது. குடிக்காவிட்டால், ஏற்றுக்கொண்ட மனாசாவை அவமதித்ததாகும்.

"இது அவ தண்ணி."

டோரிகா நீட்டிய கையை மடக்கவில்லை. பரிகாசத்தை மட்டும் விட்டாள்.

"உன் கை ஏன்டா இப்படி நடுங்குது? எப்போ சாப்பிட்டே?"

அவன் தலை குனிந்தது. "முந்தாநாள்."

"அங்கம்மா, ரொட்டி இருக்கா?"

"காலையில சுட்டது இருக்கு."

"கொண்டா. இந்தப் பிள்ளைக்கு மொதல்ல குடு."

இலாய்த்தியா டின்னைத் தரையில் வைத்தான். வாங்கிக் குடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

பேசின் காலியாகும்வரை இருந்தார்கள். அங்கம்மா மறுபடியும் மாவு பிசைந்தாள். வெயில் தாழ வந்த வழியே திரும்பிப் போனார்கள். டின்னை மறந்துவிட்டார்கள். அது யாருக்கு என்று மறுநாள் காலையிலேயே இரண்டு வீட்டுக்கும் சண்டை.

அந்த வாரம் மேலே வேறு வீடுகள் எரிந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும். எங்கள் சாலையில் எதுவும் எரியவில்லை. ஆற்றுக்குக் கீழே இருந்த இரண்டு குடியிருப்புகளிலும் பெண்கள் பாயும் பேசினுமாகச் சாலையில் உட்காரத் தொடங்கினார்கள். எல்லோரும் வாசகங்களைத் தப்பாகவே சொன்னார்கள், திருத்துவதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

முறையான சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. டோரிகா நடுச் சாலையில் உட்கார்ந்தாள். தனக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்டாள். தீ வைக்க வந்தவன் பசியோடு இருப்பதைப் பார்த்து, அவனுக்குக் குடிக்கவும் தின்னவும் கொடுத்தாள்.